முதல் வாரத்துப் பணம்: வளைகுடாவில் ஒரு பரஸ்பர உதவி நிதி எப்படி நிற்கும், எங்கே விழும்

அபுதாபி முசஃபாவிலோ ஷார்ஜா சஜாவிலோ ஒரு லேபர் கேம்ப்பில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலை பஸ்ஸுக்கு எழுப்பப் போன அறைக்காரர்தான் முதலில் பார்க்கிறார். பத்து மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. மதியச் சாப்பாட்டுக்குள் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் வருகிறது, கூடவே "முடிந்ததை அனுப்புங்கள் சகோதரர்களே" என்று ஒரு வரி. இரவுக்குள் அது, இறந்தவரின் முகமே தெரியாத நாற்பது குழுக்களுக்குப் போய்விடும்.

இப்படிச் சேரும் தொகை, இறந்தவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது. வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்று பார்த்து அது வருவதில்லை. வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டில் நாலு கேம்ப் ஆட்களோடு பழகியவருக்கு ஒரு தொகை, வேலைக்குப் போனோம் வந்தோம் என்று இருந்தவருக்கு வேறொரு தொகை. போதாததற்கு, அமீரகத்தில் அனுமதி இல்லாமல் பொதுவில் நன்கொடை கேட்பது குற்றம். கணக்கு எண்ணைக் கொடுத்தவர்தான் முதலில் மாட்டுவார்.

"அதற்கு நாமே மாதாமாதம் போட்டு ஒரு நிதி வைத்துக்கொண்டால் என்ன?" என்ற பேச்சு ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எழுகிறது. எழுந்து, இரண்டு கூட்டம் நடந்து, ஆறு மாதத்தில் அடங்கியும் விடுகிறது. எது சரியாக இருந்தால் அப்படி ஒரு நிதி நிற்கும் என்பதை, அதிகத் தமிழர்கள் வேலை பார்க்கும் நாடுகளில் ஒன்றான அமீரகத்தை வைத்து இங்கே பார்ப்போம்.

முதலில், எது நிதி, எது நிதி அல்ல

நம் ஆட்கள் நாலு விதமான ஏற்பாடுகளை ஒரே பெயரால் அழைக்கிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1. நன்கொடை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் பல நாடுகளில் ஊர் நல மன்றங்களும் பைத்துல்மால் என்னும் பொது நலநிதியின் கிளைகளும் நடத்திவருகிறார்கள். அங்கே பணம் போடுபவர் வேறு, பெறுபவர் வேறு. ஊரில் உள்ள ஏழைக்கு மருத்துவம், பிள்ளைக்குப் படிப்பு என்று அது வெளியே போகிற பணம்.

2. சீட்டு. குலுக்கலோ ஏலமோ, போட்ட பணம் முறை வரும்போது திரும்ப வரும். இது சேமிப்பும் கடனும் கலந்தது. யாருக்கும் எதுவும் ஆகாவிட்டாலும் பணம் கைமாறும்.

3. காப்பீடு. பிரிமியம் கட்டினால் இன்னது நடந்தால் இன்ன தொகை என்பது ஒப்பந்த உரிமை. கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம். அந்த வாக்கைக் கொடுக்க உரிமம் வேண்டும்.

4. பரஸ்பர உதவி நிதி. போடுபவர்களுக்குள்ளேயே கஷ்டம் வந்தவருக்குப் போகும். திரும்ப வராது. மொய் நோட்டில் எழுதி அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்வது போன்ற கணக்கும் கிடையாது. பத்து வருடம் போட்டு ஒரு திர்ஹாம் கூட வாங்காமல் ஊர் திரும்பியவரே அதில் அதிர்ஷ்டசாலி.

இந்த நான்காவதைச் சொல்லித் தொடங்கி, "போட்டது திரும்ப வருமா?" என்று ஒருவர் கேட்டதும் இரண்டாவதாக மாறி, "செத்தால் பத்து லட்சம்" என்று ஒருவர் உற்சாகத்தில் சொன்னதும் மூன்றாவதாக மாறுவதுதான் பெரும்பாலான நிதிகளின் கதை.

ஏற்கெனவே யார் என்ன கொடுக்கிறார்கள்

நிதி எதைத் தரவேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால், வேறு யாருடைய பொறுப்பில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். இந்தப் பட்டியல் கையில் இல்லாததால்தான், கம்பெனி கட்டவேண்டிய பணத்தைத் தொழிலாளர்கள் வசூல் செய்து கட்டுகிறார்கள்.

1. கம்பெனி. வேலையில் இருந்தவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு அமீரகத் தொழிலாளர் சட்டப்படி முதலாளியுடையது. பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். வேலையால் ஏற்பட்ட மரணம் என்றால் இழப்பீடாக 24 மாத அடிப்படைச் சம்பளம். அது 18,000 திர்ஹாமுக்குக் குறையாது, 2,00,000 திர்ஹாமைத் தாண்டாது.

2. பிரவாசி பாரதிய பீமா யோஜனா. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் எடுக்கவேண்டிய காப்பீடு. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். பிரிமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. கிளம்பும்போது ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்த அந்தத் தாளைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, காலாவதியாகிவிடும். நெஞ்சுவலியில் இறந்தால் இந்த 10 லட்சம் வராது என்பதும் பலருக்குத் தெரியாது.

3. இந்தியத் தூதரகத்தின் சமூக நல நிதி. 2009-இல் தொடங்கியது. பாஸ்போர்ட், சான்றொப்பம் போன்ற சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கப்படுகிறது, அதுதான் இதன் மூலதனம். ஸ்பான்சர் கைவிட்டவர், விசிட் விசாவில் வந்து மாட்டிக்கொண்டவர், விசா இல்லாதவர் என்று வேறு வழியே இல்லாதவர்களுக்கு விமான டிக்கெட், தங்குமிடம், அவசர மருத்துவம், உடல் அனுப்பும் செலவு எல்லாம் இதிலிருந்து கிடைக்கும். வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

4. தொழிலாளர் ஆயுள் காப்பீடு. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 37 முதல் 72 திர்ஹாம் பிரிமியம், 35,000 முதல் 75,000 திர்ஹாம் வரை காப்பு. இயற்கை மரணத்துக்கும் உண்டு என்பதுதான் இதில் முக்கியம். கம்பெனிகள் வழியாகத் தொழிலாளர்களைச் சேர்க்கும் திட்டம் இது.

5. வேலையிழப்புக் காப்பீடு. 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹாம். குறைந்தது 12 மாதம் கட்டியிருந்து, தானாக விலகாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை.

உடல் அனுப்பும் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர் இந்தியா முன்பெல்லாம் பெட்டியை எடைபோட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கியது. இறந்தவரைத் தராசில் வைக்கும் அந்த முறைக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பி, 2019 ஜனவரி முதல் அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 750 திர்ஹாம் என்று ஒரே கட்டணமாக ஆக்கப்பட்டது. "பாடியை அனுப்பவே பல ஆயிரம் வேண்டும்" என்று சுற்றும் செய்திகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சரி, அப்படியானால் குறை எங்கே?

தொகை ஓரளவு இருக்கிறது. வருவதற்குத்தான் நாள் ஆகிறது.

பணிக்கொடை வாங்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, அது கைக்கு வரவேண்டும். மனைவி அமீரகம் வந்து கையெழுத்துப் போட முடியாது. அதனால் அங்கே இருக்கும் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுக்கவேண்டும். அந்தப் பத்திரம் நோட்டரியிடம் தொடங்கி, சென்னைத் தலைமைச் செயலகம், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை வாங்கி, அங்கே போனதும் இன்னொரு முத்திரை வாங்கவேண்டும். காப்பீட்டுக்கு இறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, மொழிபெயர்ப்பு. வாரங்களில் முடிந்தால் நல்ல நேரம்; மாதக்கணக்கில் இழுப்பதுதான் வழக்கம்.

இடைப்பட்ட நாள்களில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? பந்தல்காரர், ஆம்புலன்ஸ், வந்த சொந்தங்களுக்குச் சாப்பாடு. ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கிய கடனின் அந்த மாதத் தவணை. நகைக்கடன் ஏலத் தேதி. மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்துகொண்டிருந்த பணம் இந்த ஐந்தாம் தேதி வராது.

நிதிக்கு வேலை இங்கேதான். காப்பீட்டுக்குப் போட்டியாக லட்சங்களைக் கொடுப்பது அதன் வேலை இல்லை. முதல் வாரத்தில், யாரும் அலையாமல், ஒரு சிறிய தொகை அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். இப்படி எடுத்துக்கொண்டால் சந்தா எவ்வளவு, எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம், பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே சிறியதாகிவிடும்.

சராசரி செய்யும் மோசடி

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 120 உறுப்பினர்கள், தலைக்கு மாதம் 20 திர்ஹாம். ஆண்டுக்கு 28,800. ஆனால் எந்த நிதியிலும் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுவதில்லை. லீவில் போனவர், விசா மாறியவர், "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்பவர். ஐந்தில் நாலு பங்கு வசூலாகும் என்று வைத்தால் ஆண்டுக்கு 23,040.

உறுப்பினர்கள் நடுவயது ஆண்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவர் இறக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டால், 120 பேரில் சராசரியாக நாலு ஆண்டுக்கு ஒருவர். இங்கேதான் ஒருவர் எழுந்து சொல்வார்: "நாலு வருஷத்துல 92,000 திர்ஹாம் சேரும். ஒரு சாவுக்கு 50,000 கொடுத்தாலும் மிச்சம்தானே?"

கணக்கு சரி மாதிரிதான் இருக்கும். ஆனால் நாலு ஆண்டுக்கு ஒருவர் என்பது சராசரி. மரணம் அந்த முறைப்படி வரிசையில் நின்று வராது. அதே 120 பேரில் ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று பேரோ அதற்கு மேலோ இறப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம். அதாவது இப்படி எட்டுச் சங்கங்கள் தொடங்கினால் ஒன்று அந்தக் கதிக்கு ஆளாகும். மூன்று சாவுக்கு 1,50,000 கொடுக்கவேண்டும். ஐந்து ஆண்டில் வசூலே 1,15,200தான். தொடங்கிய மூன்றாவது மாதமே ஒருவர் இறந்தால் கையில் இருப்பது 5,760 திர்ஹாம். 50,000 என்று எழுதிக் கொடுத்த நிர்வாகிகள் அப்போது எங்கே போவார்கள்? வாட்ஸ்அப் வசூலுக்குத்தான்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் குடும்பப் பாதுகாப்பு நிதியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே மாதம் 110 ரூபாய் பிடிக்கிறார்கள், பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். ஒருவர் ஆண்டுக்குக் கட்டுவது 1,320 ரூபாய். ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க ஏறக்குறைய 379 பேருடைய ஓராண்டுப் பணம் வேண்டும். அது ஓடுவதற்குக் காரணம் லட்சக்கணக்கான உறுப்பினர்கள், சம்பளத்திலேயே பிடித்தம், பின்னால் அரசாங்கம். நம்மிடம் 120 பேரும் ஒரு நோட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே பெரிய தொகையைக் காப்பீட்டுக்குத் தள்ளிவிடவேண்டும். மேலே சொன்ன தொழிலாளர் காப்பீட்டில் கம்பெனியைச் சேரவைத்து, பிரிமியத்தை உறுப்பினர்களே கட்டுவதாக வைத்தால்கூட தலைக்கு 72 வீதம் 8,640 திர்ஹாம். மிச்சம் 14,400. அதில் மரணத்துக்கு உடனடி உதவி 5,000. ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு 1,500, ஆண்டுக்கு ஆறு பேர் வரை. கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்புகிறவருக்கு டிக்கெட் 800, ஆண்டுக்கு நாலு பேர் வரை. மருத்துவமும் டிக்கெட்டும் முழுதாகச் செலவானாலும் 12,200. மரணத்துக்கான பங்கு சராசரியில் ஆண்டுக்கு 1,200 என்றாலும், முதல் ஆண்டிலேயே ஒரு மரணம் வந்தால் 3,000 போல உதைக்கும். அதற்காகத்தான் தொடங்கி ஆறு மாதம் எதுவும் கொடுக்காமல் சேர்க்கவேண்டும், அப்புறம் எந்நேரமும் 10,000 திர்ஹாம் இருப்புக்குக் கீழே போனால் டிக்கெட் உதவியை முதலில் நிறுத்தவேண்டும். கேட்க நன்றாக இராது. ஆனால் முன்கூட்டியே எழுதிவைத்தால் சண்டை வராது.

ஒரே கூரைக்குக் கீழே

மேலே போட்ட கணக்கில் மறைந்திருக்கும் ஓர் அனுமானம் உண்டு: ஒருவருடைய சாவுக்கும் இன்னொருவருடைய சாவுக்கும் தொடர்பில்லை என்பது. வளைகுடாவில் அது உண்மையில்லை. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கம்பெனியில், ஒரே கட்டடத்தில், ஒரே பஸ்ஸில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்புவதற்கு எது காரணமோ அதுவே நிதிக்கு ஆபத்து.

2024 ஜூன் 12 விடிகாலை குவைத் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள்; அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்தன. அந்தக் கட்டடத்து ஆட்களே சேர்ந்து ஒரு மரண நிதி வைத்திருந்தார்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். கொடுக்கவேண்டியவர்களும் வாங்கவேண்டியவர்களும் ஒரே இரவில் போயிருப்பார்கள். கணக்கு நோட்டு உட்பட.

இதிலிருந்து இரண்டு விதிகள் வருகின்றன.

1. உறுப்பினர்களை ஊரால் சேர்க்கலாம், கேம்ப்பால் சேர்க்கக்கூடாது. ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே சம்பவத்தில் எத்தனை பேர் இறந்தாலும் நிதியிலிருந்து போகும் மொத்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும்.

2. வேலையிழப்பைச் சேர்க்கவே கூடாது. வேலை போவது தனித்தனியாக நடப்பதில்லை. 2020 கொரோனாவில் எல்லாருக்கும் ஒன்றாகப் போனது; மே 7 அன்று ஊர் திரும்ப இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்கள் கிளம்பியபோது டிக்கெட்டுக்கு அவரவர்தான் பணம் கட்டினார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் சந்தாவும் நின்றுவிடும், கேட்பவர்களும் நூறு பேர் இருப்பார்கள். மாதம் 5 திர்ஹாம் வேலையிழப்புக் காப்பீட்டைத் தவணை தவறாமல் கட்ட ஞாபகப்படுத்துவதே நிதி செய்யக்கூடிய பெரிய உதவி.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

அமீரகத்தில் நன்கொடை திரட்டுவதை 2021-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. துபாய்க்கு அதற்கு முன்பே 2015-இல் தனி ஆணை உண்டு. சாரம் ஒன்றுதான்: உரிமம் பெற்ற அமைப்பு தவிர வேறு யாரும் பொதுமக்களிடம் பணம் கேட்கக்கூடாது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. இணையம் வழியாகக் கேட்டால் அது சைபர் குற்றச் சட்டத்திலும் வரும். அறைக்காரர்கள் பத்துப் பேர் தங்களுக்குள் போட்டுக்கொள்வது வேறு, கணக்கு எண்ணோடு ஒரு போஸ்டர் ஊர் முழுக்கச் சுற்றுவது வேறு. எல்லைக்கோடு எங்கே என்று தேடிக்கொண்டிராமல், போஸ்டரே போடாமல் இருப்பது உத்தமம்.

அடுத்தது வங்கி. பொருளாளரின் சம்பளக் கணக்கில் மாதாமாதம் 120 பேரிடமிருந்து 20 திர்ஹாம் விழுந்தால் வங்கியின் கண்காணிப்பில் அது தெரியும், விளக்கம் கேட்பார்கள், கணக்கை முடக்கவும் செய்யலாம். பொருளாளருக்கே விசா கேன்சல் ஆனாலோ அவரே இறந்துபோனாலோ நிதி முழுதும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். இதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

1. பதிவு பெற்ற அமைப்பின் நிழல். துபாய், ஷார்ஜாவில் இந்தியன் அசோசியேஷன், அபுதாபியில் இந்திய சமூக கலாசார மையம் போன்றவை முறைப்படி இயங்குகின்றன. அவற்றின் நலப்பிரிவோடு சேர்ந்து செய்வது மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. முதல் வாரத்தில் பணம் போய்ச் சேருமா என்பதை மட்டும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

2. ஊரில் பதிவு. தமிழ்நாட்டில் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்து அங்கே வங்கிக் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். நல்லெண்ணத்தில் ஒரே ஒருவர் அனுப்பிய பணம் முழுச் சங்கத்தையும் சிக்கலில் விடும்.

3. பணமே தேங்காத முறை. ஐம்பது பேருக்குக் குறைவான குழுவுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். மாதச் சந்தா கிடையாது. உறுப்பினர் இறந்தால் ஒவ்வொருவரும் 100 திர்ஹாம் அனுப்புவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கையெழுத்து. சாவு நேர்ந்தால் ஒவ்வொருவரும் பணம் அனுப்பும் தம் எக்ஸ்சேஞ்ச் செயலியிலிருந்து நேராக அந்தக் குடும்பத்தின் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீதைக் குழுவில் போடுகிறார்கள். பொருளாளர் இல்லை, இருப்பு இல்லை, பொதுமக்களிடம் கேட்பதும் இல்லை. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் (ஹவாலா) கொடுத்து அனுப்பக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. இந்தியாவில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்த பணம் பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும். பெறுபவரின் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வரி வராது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

இந்தியச் சட்டத்தில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, இரண்டும் வார்த்தைகளில் ஒளிந்திருப்பவை. "உறுப்பினர் இறந்தால் இத்தனை லட்சம் வழங்கப்படும்" என்று எழுதினால் அது உரிமம் இல்லாத காப்பீட்டுத் தொழில் போல ஆகிவிடும். "உதவித் தொகை, நிதியின் இருப்பைப் பொறுத்து நிர்வாகக் குழுவின் முடிவுப்படி வழங்கப்படும், இது உரிமை அல்ல" என்று எழுதவேண்டும். விலகும்போது கட்டிய சந்தா திரும்பத் தரப்படும் என்று எழுதினால் அது வைப்புத்தொகையின் சாயலைப் பெறும். 2019-இன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டம் நினைவுக்கு வரவேண்டும். சந்தா திரும்ப வராது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு விலகுகிறவர்கள் சீட்டுக்கு வந்தவர்கள்.

சிங்கப்பூரில் பாதை வேறு. அங்கே பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கப் பதிவுச் சட்டம் வந்துவிடும்; பரஸ்பர உதவி அமைப்புகளுக்கென்றே தனிச் சட்டமும் உண்டு. கஷ்டம்போலத் தெரிந்தாலும் வழி தெளிவாக இருப்பது நல்லதுதான். மலேசியாவில் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. அது உதவி நிதி அல்ல, கூட்டுறவு. ஆனாலும் சின்னத் தவணையும் முறையான பதிவும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் நம் ஆட்களிடம் இல்லை.

நடத்துவதில் சில கறார்கள்

முடிவெடுக்க மூன்று பேர் போதும். அவர்கள் மூன்று வெவ்வேறு எமிரேட்டில் இருக்கட்டும். இருவர் போனில் சம்மதித்தால் அன்றே பணம் போகவேண்டும். உரிமை அல்ல என்று விதியில் எழுதியிருப்பதற்காக ஒவ்வொரு சாவுக்கும் கூட்டம் போட்டு விவாதித்தால் இந்த நிதி இருப்பதற்கே பொருள் இல்லை. குடித்து இறந்தார், தற்கொலை செய்துகொண்டார் என்ற விசாரணையும் வேண்டாம். பணம் போவது அவருடைய பிள்ளைகளுக்கு.

நிதியிலிருந்து கடன் கொடுக்கக்கூடாது. இது பேச்சுக்கே இடமில்லாதது. இருப்பு 20,000 திர்ஹாமைத் தாண்டியதும் யாராவது தங்கை கல்யாணத்துக்கு 5,000 கேட்பார். நியாயமான தேவைதான். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் நிர்வாகிகள் அன்றிலிருந்து வசூல்காரர்கள் ஆகிவிடுவார்கள், பிறகு சாவு விழும் அன்று பணம் வெளியே இருக்கும்.

மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் குழுவில் போடவேண்டும்: வரவு, செலவு, இருப்பு, வங்கி இருப்பின் படம். யார் கட்டவில்லை என்ற பட்டியலைப் போடவேண்டாம். மானத்துக்கு அஞ்சி விலகிவிடுவார்கள். மூன்று மாதம் கட்டாதவருக்குத் தனியாக ஒரு போன், ஆறு மாதமானால் பெயர் நீக்கம். ஊருக்கே திரும்பிவிட்டவருக்கு மூன்று மாதம் வரை காப்பு நீடிக்கும் என்று வைத்தால், விசா கேன்சலில் போன கையோடு ஏதாவது ஆனாலும் குடும்பம் தவிக்காது.

படிவத்தில் ஒரு கட்டம்

சேரும்போது நிரப்பும் படிவத்தில் பாஸ்போர்ட் எண், விசாவின் காலாவதி, கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.வின் போன், பீமா யோஜனா பாலிசி எண், ஊரில் இரண்டு தொடர்பு எண்கள் எல்லாம் இருக்கவேண்டும். அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அந்த எண்ணும். ஆனால் பணம் முதல் வாரத்தில் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது வேறு ஒரு கட்டம்: குடும்பத்தின் வங்கிக் கணக்கு.

பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் தங்கள் சொந்த என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவருக்கான) கணக்கு எண்ணையே எழுதுகிறார்கள். அதில் தவறாகவும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மாதாமாதம் அதில்தான் போடுகிறார்கள், ஏ.டி.எம். அட்டை மனைவியிடம் இருக்கிறது, வீடு அதில்தான் ஓடுகிறது. கணக்குக்காரர் இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்ததும் அந்த அட்டை வேலை செய்யாது. நாமினி படிவம், இறப்புச் சான்றிதழ் என்று அதற்கும் ஒரு வரிசை தொடங்கும். அவசரத்துக்கென்று அனுப்பிய 5,000 திர்ஹாமும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எனவே அந்தக் கட்டத்தில் மனைவியின் அல்லது தாயின் பெயரில் மட்டும் உள்ள கணக்குத்தான் இருக்கவேண்டும். எண்ணைக் கையால் எழுதச் சொல்லாமல் பாஸ்புக் முதல் பக்கத்தின் படத்தை வாங்கவேண்டும். பாஸ்புக்கில் 'எம். செல்வி' என்றும் ஆதாரில் 'செல்வி முருகன்' என்றும் இருந்தால் அனுப்பிய பணம் சில நேரம் திரும்பி வந்துவிடும்; பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே குறித்துக்கொள்ளவேண்டும். கிராமத்துக் கிளைகள் இணைக்கப்பட்டு ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கணக்குக்கும் நூறு ரூபாய் அனுப்பிப் பார்த்து, வந்ததா என்று வீட்டில் இருப்பவரிடம் போனில் கேட்டுக்கொண்டால் போதும். 120 பேருக்கு 12,000 ரூபாய் செலவு. அதை நிதியின் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.